கரையைக் கடந்த பின்னும் புயல் புயல்தான்

1998 அக்டோபர் 26 அன்று மேற்குக் கரீபியன் கடலில் மிட்ச் என்ற புயல் தன் உச்சத்தை எட்டியது. காற்றின் வேகம் மணிக்கு 285 கிலோமீட்டர். ஐந்து வகைகள் கொண்ட அமெரிக்க அளவுகோலில் அதற்கு மேல் ஒரு படி கிடையாது. அப்புறம் அது தளர ஆரம்பித்தது. மூன்று நாள் கழித்து ஹோண்டுராஸ் கரையில் ஏறும்போது முதல் வகைக்கு இறங்கியிருந்தது. அடுத்த நாளுக்குள் ஹரிகேன் என்ற நிலையையும் (காற்று மணிக்கு சுமார் 119 கிலோமீட்டரைத் தொட்ட புயலை அமெரிக்கப் பக்கம் அப்படி அழைப்பார்கள்) இழந்து, வெறும் வெப்பமண்டலப் புயலாகச் சுருங்கியது.

அந்த நாளில்தான், அக்டோபர் 30 அன்று, நிகராகுவாவில் கசீத்தா எரிமலையின் ஒரு பக்கம் மழைநீரில் ஊறிப் பிளந்து, அடிவாரத்து ஊர்களின் மேல் சரிந்தது. அந்த ஒரு சரிவில் மட்டும் ஏறக்குறைய 2,000 பேர் புதைந்துபோனார்கள். மத்திய அமெரிக்கா முழுவதும் மிட்ச் பலிகொண்டது 11,000 பேருக்கு மேல். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது அந்த 285 கிலோமீட்டர் காற்று அல்ல. காற்று அடங்கிய பிறகு மலைகளின் மேல் நகர மறுத்து நின்ற மேகங்கள் கொட்டிய மழை.

புயல் செய்திகளைத் தொடர்ந்து படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. செயற்கைக்கோள் படங்கள், வானிலை மையங்களின் அறிக்கைகள், எல்லாம் முடிந்து பல மாதங்கள் கழித்து வெளியாகும் ஆய்வறிக்கைகள் என்று தேடித் தேடிப் படிப்பேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் என்னை விடாமல் உறுத்துகிறது. கடலில் இருக்கும்வரை ஒரு புயலை எல்லோரும் கண்கொட்டாமல் பார்க்கிறார்கள். மணிக்கு மணி அதன் வேகம் சொல்லப்படுகிறது, தொலைவு சொல்லப்படுகிறது. கரையைக் கடந்துவிட்டது என்ற செய்தி வந்ததும் கேமராக்கள் வேறு பக்கம் திரும்பிவிடுகின்றன. பார்க்கிறவர்களுக்கும் ஒரு பெருமூச்சு. ஆனால் எத்தனையோ புயல்கள் தங்கள் பெரிய நாசத்தை அதற்குப் பிறகுதான் செய்திருக்கின்றன. ஏன் அப்படி என்று புரிய, புயல் எதனால் ஆனது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் கடலின் சூடு. மேற்பரப்பு நீர் சுமார் 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். மேல்தோல் மட்டும் சூடானால் போதாது, ஏறக்குறைய 50 மீட்டர் ஆழம் வரை அந்தச் சூடு இறங்கியிருக்க வேண்டும். புயல் கடலைக் கலக்கிவிடும் என்பதுதான் காரணம். அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வந்துவிட்டால் அதற்கு இரை தீர்ந்தது. ஒரே இடத்தில் அதிக நேரம் நிற்கிற புயல் கடலில் பலவீனமடைவது இதனால்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: கடலில் நின்றால் புயல் தளரும், நிலத்தின் மேல் நின்றால் கீழே இருப்பவர்கள் தொலைந்தார்கள்.

அடுத்தது, பூமியின் சுழற்சி. அந்தச் சுழற்சியால் காற்றை வளைக்கும் கொரியோலிஸ் விசை நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் பலமற்றது என்பதால், பொதுவாக அங்கிருந்து ஐந்து டிகிரி தள்ளித்தான் புயல்கள் பிறக்கும். விதிவிலக்கும் உண்டு. 2001 டிசம்பரில் சிங்கப்பூருக்கு அருகே, நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை டிகிரிகூடத் தள்ளாத இடத்தில் வாமேய் என்ற புயல் உருவானபோது வானிலையாளர்கள் வியந்துபோனார்கள். மூன்றாவது, மேலும் கீழும் காற்று ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். கீழ்மட்டத்தில் ஒரு திசையிலும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் வேறு திசையிலும் பலமான காற்று வீசினால், எழும்புகிற மேகக் கூட்டம் சாய்ந்து கலைந்துவிடும். எத்தனையோ புயல்கள் பிறக்காமலேயே போவதற்கு இதுதான் காரணம்.

இவ்வளவும் இருந்தாலும் ஒரு தொடக்கம் வேண்டும், ஏற்கெனவே கொஞ்சம் சுழலத் தொடங்கிய ஒரு மேகக் கூட்டம். அட்லாண்டிக்கில் இது பெரும்பாலும் ஆப்பிரிக்க நிலப்பரப்பிலிருந்து மேற்கே அலை அலையாக வருகிறது. ஒவ்வொரு கோடையிலும் பல டஜன் அலைகள் கடலுக்குள் இறங்கும். மிகச் சிலதான் புயலாகும். மற்றவை மழையாகப் பெய்து ஓய்ந்துவிடும்.

பிறந்துவிட்டால் அப்புறம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். சூடான கடலிலிருந்து நீராவி எழுகிறது. மேலே போய்க் குளிர்ந்து மழைத்துளியாகும்போது, ஆவியாவதற்காக வாங்கிய வெப்பத்தை அங்கே வெளியே விடுகிறது. அந்த உள்ளுறை வெப்பம் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று இன்னும் மேலே எழுகிறது. கீழே அழுத்தம் குறைகிறது. குறைந்த இடத்தை நிரப்பச் சுற்றிலும் இருந்து ஈரக்காற்று பாய்கிறது. பாயும் வேகம் கூடக்கூட இன்னும் அதிக நீராவி கடலிலிருந்து கிளம்புகிறது. சுழற்சியால் அந்தக் காற்று நேராக மையத்துக்குப் போக முடியாமல் வளைந்து வளைந்து சுற்றுகிறது.

இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். ஒரு சராசரி ஹரிகேனில் நீராவி மழையாக மாறும்போது வெளிப்படும் வெப்பம், உலகம் முழுவதற்குமான மின் உற்பத்தித் திறனைப்போல் சுமார் 200 மடங்கு என்று அமெரிக்கக் கடல்சார் வளிமண்டல நிர்வாகம் கணக்கிட்டிருக்கிறது. அந்தப் பெருஞ்சக்தியில் காற்றாக மாறுவது ஏறக்குறைய நானூற்றில் ஒரு பங்குதான். இதை முதன்முதலில் படித்தபோது புயலைப் பற்றி நான் நினைத்துவைத்திருந்தது தலைகீழானது. நாம் பயப்படுகிற அந்தக் காற்று, புயல் செய்யும் வேலையின் ஒரு சிறு துணுக்கு. மிச்சமெல்லாம் தண்ணீர்தான். கடலிலிருந்து தண்ணீரை அள்ளி வானத்தில் ஏற்றி வேறெங்கோ கொட்டுவதுதான் புயலின் முழுநேர வேலை.

ஆனால் புயலுக்கு நாம் தரும் பட்டங்கள் எல்லாம் காற்றை வைத்துத்தான். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரிசையில் காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் புயல், 89 ஆனால் தீவிரப் புயல், 118 ஆனால் மிகத் தீவிரப் புயல். 221ஐத் தாண்டினால் சூப்பர் புயல். அமெரிக்காவில் ஹெர்பர்ட் சஃபிர் என்ற பொறியாளரும் தேசிய ஹரிகேன் மையத்தின் இயக்குநராக இருந்த ராபர்ட் சிம்ப்சனும் 1970களின் தொடக்கத்தில் ஐந்து வகை அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். ஆரம்பத்தில் அதில் கடல் எவ்வளவு உயரும் என்பதும் சேர்ந்திருந்தது. ஒரே வகைப் புயல் ஓரிடத்தில் ஒரு மீட்டரும் இன்னோரிடத்தில் ஐந்து மீட்டரும் கடலை உயர்த்தக்கூடும் என்பதால், அது ஆட்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று 2010இல் நீக்கிவிட்டார்கள். நேர்மையான முடிவுதான். ஆனால் அதன் விளைவு, எல்லோருடைய வாயிலும் புழங்கும் அந்த ஒற்றை எண்ணில் தண்ணீர் என்ற சேதியே இல்லாமல் போனது.

காற்றைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. வேகம் இரட்டிப்பானால் சுவரில் அது கொடுக்கும் அழுத்தம் நான்கு மடங்காகும். 2023 அக்டோபரில் மெக்சிகோவின் அகபுல்கோ நகரத்தை ஓடிஸ் தாக்கியபோது, ஒரே நாளில் சாதாரணப் புயலிலிருந்து ஐந்தாம் வகைக்கு அது எகிறியிருந்தது. முந்தைய நாள் காலையில் அங்கே யாரும் அப்படியொன்றை எதிர்பார்க்கவில்லை. உயரமான கட்டடங்களின் கண்ணாடிகளும் உட்சுவர்களும் பிய்த்தெறியப்பட்டன. 24 மணி நேரத்தில் மணிக்கு 55 கிலோமீட்டர் கூடினாலே அதை அதிவேகத் தீவிரமடைதல் என்பார்கள். ஓடிஸ் அதைப் பல மடங்கு தாண்டியது. முன்கணிப்பு மாதிரிகள் இன்றும் தடுமாறுகிற இடம் இது. புயல் எங்கே போகும் என்பதைச் சொல்வதில் அறிவியல் வெகுதூரம் முன்னேறிவிட்டது. எவ்வளவு பலமாகும் என்பதைச் சொல்வதில் அந்த அளவுக்கு இல்லை.

கரையை நெருங்கும்போது முதலில் கொல்லும் தண்ணீர் கடலுடையது. மையத்தில் அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் எழும்பும். நூறு மில்லிபார் குறைந்தாலும் ஒரு மீட்டர்தான். பெரிய பங்கு காற்றினுடையது. பல மணி நேரம் ஒரே திசையில் நீரைத் தள்ளிக்கொண்டே வருகிறது. ஆழமான கடலில் அந்த நீர் கீழே இறங்கித் திரும்பிப் போக இடம் இருக்கும். ஆழமற்ற கரையோரத்தில் போக வழியில்லாமல் மேலே ஏறுகிறது. வங்காள விரிகுடாவின் வடமுனை புனல்போல் குறுகி, ஆழமும் குறைந்து, தட்டையான டெல்டாவில் முடிகிறது. உலகில் இதைவிட மோசமான அமைப்பைத் தேடுவது கடினம்.

1970 நவம்பர் 12 இரவு போலா புயல் அங்கே கரையேறியபோது ஓதமும் உச்சத்தில் இருந்தது. இறந்தவர்கள் மூன்று லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வரை என்கிறார்கள். பதிவான வெப்பமண்டலப் புயல்களிலேயே மிகக் கொடியது அதுதான். எண்ணிக்கையில் இரண்டு லட்சம் இடைவெளி ஏன் என்று யோசித்தால் நெஞ்சு பதறுகிறது. எண்ணுவதற்கு ஆளே மிஞ்சாத தீவுகள் இருந்தன. 1900இல் அமெரிக்காவின் கால்வெஸ்டன் நகரத்தில் சுமார் 8,000 பேர், 1964 டிசம்பரில் தனுஷ்கோடியில் ரயிலோடு கடல் கொண்டுபோன நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், 2008இல் மியான்மரின் ஐராவதி டெல்டாவில் நர்கிஸ் புயலுக்கு இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஏறக்குறைய 1,38,000 பேர், 2013இல் பிலிப்பைன்ஸின் டக்ளோபான் பகுதியில் ஹையான் கொன்ற ஆயிரக்கணக்கானோர் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள்.

கரையைக் கடப்பது என்று வானிலையாளர்கள் குறிப்பது, சுழலின் மையம் கடற்கரைக் கோட்டைத் தாண்டும் கணத்தை. புயலின் உடல் பல நூறு கிலோமீட்டர் அகலம். மையம் வந்து சேர்வதற்குப் பல மணி நேரம் முன்பே காற்றும் கடலும் வேலையைத் தொடங்கிவிடும். வட அரைக்கோளத்தில் புயல் போகும் திசைக்கு வலப்பக்கம் இருப்பவர்கள்பாடு இன்னும் மோசம். அங்கே சுழலும் வேகத்தோடு நகரும் வேகமும் கூடிக்கொள்கிறது, காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கித் தள்ளுகிறது. தென் அரைக்கோளத்தில் அது இடப்பக்கம்.

நடுவில் கண். முப்பதிலிருந்து அறுபது கிலோமீட்டர் அகலத்துக்குக் காற்று அடங்கி, சில சமயம் வானமே தெளிந்துவிடும். 1926 செப்டம்பரில் மயாமி நகரத்தின் மேல் கண் வந்தபோது, புயல் முடிந்தது என்று நம்பிப் பலர் தெருவுக்கு வந்தார்கள். அரை மணி நேரம் சுமாருக்குத்தான் அந்த அமைதி. கண்ணைச் சுற்றியுள்ள மறுபக்கச் சுவர் எதிர்த்திசைக் காற்றோடு வந்து மோதியபோது அவர்கள் வெட்டவெளியில் நின்றார்கள். அந்தப் புயலில் இறந்தவர்களில் நிறையப் பேர் அப்படிச் சிக்கியவர்கள்தான். இன்றைக்கு இந்தத் தவறு அரிதாகிவிட்டது. ஆனால் கரையைக் கடந்துவிட்டது என்று கேட்டதும் நிம்மதியடைகிற மனசும் அதே தவறைத்தான் கொஞ்சம் பெரிய அளவில் செய்கிறது என்று எனக்குத் தோன்றும்.

நிலத்துக்குள் நுழைந்ததும் என்ன நடக்கிறது? கடலிலிருந்து வந்த நீராவி நின்றுபோகிறது. மரங்களும் கட்டடங்களும் மேடுகளும் காற்றைத் தடுக்கின்றன. மையத்தின் அழுத்தம் மெல்ல மெல்லச் சுற்றுப்புறத்துக்குச் சமமாகிறது. ஆகவே காற்று சட்டென்று குறைகிறது. ஆனால் கடலில் இருந்தபோது அள்ளிய ஈரம் எங்கும் போய்விடவில்லை, பல நூறு கிலோமீட்டர் அகலத்துக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கிறது. சுழற்சி பலவீனமானால் பல சமயம் நகரும் வேகமும் குறையும். எதிரே மலை இருந்தால் ஈரக்காற்று அதில் ஏறி மொத்தமாகக் கொட்டும்.

அலிசன் என்ற புயலை இதற்கு உதாரணமாகச் சொல்வேன். 2001 ஜூன் 5 அன்று டெக்சாஸ் கரையைக் கடந்த அது ஒருநாளும் ஹரிகேன் ஆனதே இல்லை. சாதாரணப் புயல், அதுவும் கரையேறியதுமே தளர்ந்துவிட்டது. வடக்கே கொஞ்சம் போனது, நின்றது, திரும்பி வந்தது. மூன்று நாள் கழித்து, 8ஆம் தேதி இரவு, ஹூஸ்டன் நகரத்தின் மேல் வானம் பிளந்தது. மருத்துவமனைகளின் அடித்தளங்களில் வெள்ளம் புகுந்து மின்சாரம் நின்றுபோனது. நோயாளிகளைப் படிக்கட்டு வழியாகத் தூக்கி இறக்க வேண்டிவந்தது. ஆய்வகங்களில் பல ஆண்டு உழைப்பு ஒரே இரவில் போயிற்று. ஹரிகேன் ஆகாத ஒரு அட்லாண்டிக் புயலின் பெயர், இனி எந்தப் புயலுக்கும் சூட்டக்கூடாது என்று பட்டியலிலிருந்து விலக்கப்பட்டது அதுவே முதல் முறை.

அதே நகரம் 2017இல் மறுபடியும் மூழ்கியது. ஆகஸ்ட் 25 அன்று நான்காம் வகையாகக் கரையேறிய ஹார்வி, மறுநாளே சாதாரணப் புயலாகிவிட்டது. பிறகு டெக்சாஸ் கரையோரத்தில் நாள் கணக்கில் நின்றது. நீடர்லாண்ட் என்ற டெக்சாஸ் ஊரில் மொத்தம் 1,539 மில்லிமீட்டர் மழை பதிவானது. சேதம் 12,500 கோடி டாலர். அதில் பெரும்பகுதி கரையைக் கடந்து, வகை எண் எல்லாம் போன பிறகு வந்த மழையால்.

இவை பணக்கார நாட்டுக் கதைகள். ஏழை நாட்டில் அதே மழை என்ன செய்யும் என்பதற்கு 2004 செப்டம்பர் சாட்சி. ஜீன் என்ற புயலின் மையம் ஹைட்டிக்கு வடக்கே கடலில், பலவீனமான நிலையில் இருந்தது. ஆனால் அதன் மழை, கரிக்காக மரமெல்லாம் வெட்டப்பட்ட ஹைட்டியின் மலைகளில் விழுந்தது. பிடித்துவைக்க வேர் இல்லாத மண் தண்ணீரோடு சேர்ந்து சேறாக இறங்கி, கோனாயிவ் நகரத்தை மூடியது. 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். இதே ஜீன் பிறகு மூன்றாம் வகையாக வளர்ந்து ஃபுளோரிடாவைத் தாக்கியபோது உயிரிழப்பு அதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. காற்றை மட்டும் பார்த்து ஒரு புயலை எடைபோடுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று இந்த ஒரு புயலே காட்டிவிடும்.

மொசாம்பிக்கில் 2019இல் இடாய் இன்னொரு விதம். புயல் ஆவதற்கு முன்பே, தாழ்வு மண்டலமாக இருந்தபோது ஒருமுறை நிலத்தில் ஏறி மொசாம்பிக்கிலும் மலாவியிலும் வெள்ளத்தை உண்டாக்கியது. பிறகு கடலுக்குத் திரும்பி, வலுவேறி, மார்ச் 14 இரவு பெய்ரா நகரத்தின் அருகே மறுபடி கரையேறியது. ஏற்கெனவே நிறைந்திருந்த ஆறுகள் உள்நாட்டில் பெய்த மழையால் உடைத்துக்கொண்டு ஓடின. புங்வே, பூசி ஆறுகளின் சமவெளி கடல்போல் விரிந்து, ஆட்கள் மரங்களிலும் கூரைகளிலும் நாள் கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். 2023இல் ஆஸ்திரேலியாவுக்கு அருகே பிறந்து இந்தியப் பெருங்கடல் முழுவதையும் கடந்துவந்த ஃப்ரெடி, ஐந்து வாரங்களுக்கு மேல் உயிரோடிருந்து, கடைசியில் கடலே இல்லாத மலாவியில் பிளான்டயர் நகரத்து மலைச்சரிவுகளில்தான் அதிகம் பேரைக் கொன்றது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஆயிரத்துக்கும் மேல்.

நிலத்தின் மேலேயே புயல் திரும்ப வலுப்பெறுவதும் உண்டு. 2007 ஆகஸ்டில் எரின் என்ற புயலின் மிச்சம், ஓக்லஹோமாவில், கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே, கடலில் இருந்தபோது இல்லாத பலத்தைப் பெற்றது. ராடார் படத்தில் கண் போன்ற ஒரு வட்டம்கூடத் தெரிந்தது. அந்தக் கோடையில் பெய்த பெருமழையில் மண் ஊறிப்போய் இருந்ததால், நிலமே ஆழமற்ற கடல்போல் ஈரத்தை ஊட்டியது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இதையெல்லாம் தனித்தனிக் கதையாக விட்டுவிடக் கூடாது. 1963 முதல் 2012 வரை அமெரிக்காவில் அட்லாண்டிக் புயல்களால் நேரடியாக நேர்ந்த மரணங்களை வானிலையாளர் எட்வர்ட் ராப்பபோர்ட் தொகுத்துப் பார்த்தார். பத்தில் ஒன்பது தண்ணீரால். புயல் தள்ளிவரும் கடலேற்றம் மட்டும் சுமார் பாதி, மழை வெள்ளம் கால்வாசிக்குச் சற்று மேல். காற்று பத்து சதவீதத்துக்கும் குறைவு. தேசிய ஹரிகேன் மையம் 2013 முதல் 2022 வரையான பத்தாண்டுகளைத் திரும்பக் கணக்கிட்டபோது வரிசை மாறியிருந்தது: மழை வெள்ளம் 57 சதவீதம், கடலேற்றம் 11. கடற்கரையிலிருந்து ஆட்களை முன்கூட்டியே வெளியேற்றக் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்பதுதான் இதற்கு ஒரு முக்கியக் காரணம். உள்நாட்டு வெள்ளத்துக்கு அப்படி எதுவும் இன்னும் அமையவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகும் கணக்கு முடிவதில்லை. 2017 செப்டம்பரில் மரியா புயல் கரீபியன் தீவான புவெர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியது. அரசு சொன்ன மரணங்கள் 64. பல மாதங்கள் அந்த எண்தான் நின்றது. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு வந்த பிறகு 2018 ஆகஸ்டில் அதை 2,975 என்று திருத்தினார்கள். மற்றவர்கள் எப்படி இறந்தார்கள்? மின்சாரம் இல்லை. டயாலிசிஸ் நின்றது, இன்சுலினைக் குளிரில் வைக்க முடியவில்லை, சாலை உடைந்து ஆம்புலன்ஸ் வர முடியவில்லை. தீவு முழுவதற்கும் மின்சாரம் திரும்பக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆயிற்று. வயதானவர்களும் நோயாளிகளும் ஒருவர் பின் ஒருவராக, எந்தக் கேமராவும் இல்லாத வீடுகளில் போனார்கள். அந்த 64 என்ற எண்ணை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. இறந்தவர்களை எண்ணக்கூட மறுப்பது இரண்டாவது முறை கைவிடுவது.

இதன் முழு அளவை 2024இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ரேச்சல் யங், சாலமன் சியாங் இருவரும் 1930 முதல் 2015 வரை அமெரிக்காவைத் தாக்கிய 501 புயல்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பிறகு பல ஆண்டுகள்வரை மரண விகிதம் எப்படி மாறியது என்று பார்த்தார்கள். அரசுக் கணக்கில் ஒரு சராசரிப் புயலுக்கு நேரடி மரணம் 24. இவர்களுடைய மதிப்பீட்டில், அடுத்த சுமார் பதினைந்து ஆண்டுகளில் கூடுதலாக நேரும் மரணங்கள் 7,000 முதல் 11,000 வரை. சேமிப்பு கரைகிறது, வேலை போகிறது, குடும்பம் சிதறுகிறது, மருத்துவச் செலவு தள்ளிப்போகிறது. உடல் அதையெல்லாம் மெதுவாகக் கணக்குத் தீர்க்கிறது. சரி, இது ஒரு மதிப்பீடுதான், இன்னும் பலர் சோதித்துப் பார்க்க வேண்டியது. ஆனால் மரியாவுக்குப் பின் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் திசை ஆச்சரியமாக இருக்காது.

நிலத்துக்கும் இதே கதி. 2009இல் ஐலா புயல் சுந்தரவனத்தின் கரைகளை உடைத்தபோது உப்புநீர் வயல்களில் புகுந்தது. உடைந்த கரையை அடைக்கும்வரை ஒவ்வொரு ஓதத்துக்கும் கடல் உள்ளே வந்து போனது. உப்பேறிய மண்ணில் நெல் விளையவில்லை, குளங்கள் குடிக்க உதவவில்லை, ஆட்கள் வேலை தேடி நகரங்களுக்குப் போனார்கள். பெய்ராவில் வெள்ளம் வடிந்ததும் காலரா வந்தது. அங்கே ஒன்பது லட்சம் டோஸ் வாய்வழித் தடுப்பு மருந்தை வேகமாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். அது பெரிய உயிரிழப்பாக மாறாமல் தடுத்த வேலை அதிகம் பேசப்படவேயில்லை.

மனிதர்களால் ஒன்றும் முடியாது என்று சொல்ல நான் வரவில்லை. முடியும் என்பதற்கு வங்காள விரிகுடாவே சான்று. போலாவுக்குப் பிறகு 1972இல் வங்கதேச அரசும் செம்பிறைச் சங்கமும் சேர்ந்து புயல் தயார்நிலைத் திட்டத்தைத் தொடங்கின. இன்று அதில் 70,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள். கொடியேற்றுகிறார்கள், மெகாஃபோனோடு வீடு வீடாகப் போகிறார்கள், நடக்க முடியாதவர்களைத் தூக்கிக்கொண்டு தங்குமிடம் சேர்க்கிறார்கள். 1991இல் அங்கே இறந்தவர்கள் ஏறக்குறைய 1,38,000. 2007இல் சிடர் வந்தபோது சுமார் 3,400. 2020இல் ஆம்பன் வந்தபோது சில டஜன். ஒடிசாவில் 1999இல் சுமார் 10,000 பேர் இறந்த இடத்தில், 2013இல் பைலின் வந்தபோது பலி ஐம்பதைத் தாண்டவில்லை. இதற்குப் பின்னால் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் கடைசிக் கிலோமீட்டரைக் கடந்தது கால்நடையாகப் போன மனிதர்கள்.

இந்த ஏற்பாடு எல்லாமே கடலைப் பார்த்து நிற்கிறது. நிலத்துக்குள்தான் ஆபத்து கூடிக்கொண்டு வருகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைச் சுமக்கும். ஜப்பானின் ஒகினாவாவில் இயங்கிய ஆய்வாளர்கள் லின் லி, பினாக்கி சக்கரவர்த்தி இருவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, வட அட்லாண்டிக்கில் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கரையேறிய ஹரிகேன் முதல் நாளிலேயே தன் பலத்தில் முக்கால் பங்கை இழந்துவிடும். இப்போது இழப்பது பாதிதான். சூடான கடலிலிருந்து கூடுதலாக அள்ளிவந்த ஈரம் நிலத்தின் மேலும் அதை ஓடவைக்கிறது. கடற்கரையிலிருந்து தள்ளி இருப்பது பாதுகாப்பு என்று தலைமுறைகளாக நம்பி வீடு கட்டியவர்களின் ஊர்கள் இனி புயலின் பாதையில் வருகின்றன.

2024 செப்டம்பர் 26 இரவு ஃபுளோரிடாவில் நான்காம் வகையாகக் கரையேறிய ஹெலீன் இதைத்தான் செய்தது. அங்கிருந்து 600 கிலோமீட்டருக்கு அப்பால், வட கரோலைனாவின் மலைகளில், ஆஷ்வில் நகரத்தைச் சுற்றி, காற்று தளர்ந்த நிலையில் அது வந்தபோது ஏற்கெனவே பல நாள் மழையில் மண் நிறைந்திருந்தது. அந்த மாநிலத்தில் மட்டும் நூறு பேர் அளவுக்கு இறந்தார்கள். நகரத்துக் குழாய்களில் குடிக்கத் தகுந்த நீர் வர ஏழு வாரங்களுக்கு மேல் ஆனது. எச்சரிக்கை இல்லாமல் இல்லை. உள்ளூர் வானிலை அலுவலகம் முன்கூட்டியே, 1916இன் பெருவெள்ளத்தோடு ஒப்பிட்டு எச்சரித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் தேசிய ஹரிகேன் மையம், புயலின் பாதையைக் காட்டும் தன் கூம்பு வரைபடத்தில் கடற்கரையோடு நிறுத்தாமல் உள்நாட்டு எச்சரிக்கைகளையும் சோதனையாகச் சேர்க்கத் தொடங்கியிருந்தது. அந்தக் கூம்பு மையம் எங்கே போகக்கூடும் என்பதை மட்டும் சொல்கிறது. அதற்கு வெளியே இருப்பவர்கள் தப்பித்தவர்கள் அல்ல என்பது இன்றும் நிறையப் பேருக்குத் தெரியாது.

ஆகவே இப்போதெல்லாம் ஒரு புயல் கரையைக் கடந்ததும் நான் அறிக்கையில் வேறு விஷயங்களைத் தேடுகிறேன். மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. எதிரே மலை இருக்கிறதா. போன வாரம் அங்கே எவ்வளவு மழை பெய்தது. ஆறுகள் எந்த அளவில் ஓடுகின்றன. காற்றின் வேகத்தைச் சொன்ன அதே பெரிய எழுத்தில் இவற்றையும் சொல்ல வேண்டும். மலையடிவாரங்களிலும் கொடியும் மெகாஃபோனும் வேண்டும். மேட்டுப் பகுதியில் இருக்கும் பள்ளிக்கூடத்தைப் பொழுது சாயும் முன்பே திறந்துவைக்க ஒருவர் வேண்டும், ஏனென்றால் ஓடை பெருகுவது இருட்டில் தெரியாது. எந்தச் சரிவுக்குக் கீழே எத்தனை வீடுகள், அதில் நடக்க முடியாதவர் யார், டயாலிசிஸ் செய்துகொள்பவர் யார் என்ற பட்டியல் புயல் வருவதற்குப் பல மாதம் முன்பே கையில் இருக்க வேண்டும். வங்கதேசத்தின் தன்னார்வலர்களிடமிருந்து இதைக் கற்றுக்கொள்ளலாம்.